மெதுவாக நடப்பவருக்கான கடல்

எழுபதுகளில் திருவண்ணாமலையில் எங்கள் மாடி அறையில் ஓர் இத்தாலிக்கார அம்மா குடியிருந்தார். கதர்ப் புடவை, காதளவு வெட்டிய நரைமுடி. எங்களோடு மலை சுற்ற வந்தால், பின்தங்குகிறவர் கூடத்தான் நடப்பார்.

ஒரு கோடையில் எங்கள் கூட்டுக் குடும்பம் கடல் பார்க்கக் கிளம்பியது. பாண்டிச்சேரியா, மகாபலிபுரமா என்று ஒரே சண்டை.

"உங்க ஊர்ல எப்படிங்க முடிவு பண்ணுவீங்க?" என்று அவரைக் கேட்டேன்.

"எங்க வீட்லயும் ஆளுங்க ஜாஸ்தி. அம்மாவுக்குக் கால் முடியாது. அவங்க நடந்துபோய் தண்ணியைத் தொடுற ஊருக்குத்தான் போவோம்."

எல்லோரும் முடக்குவாதக்காரப் பெரியம்மாவைப் பார்த்தோம். அதுவரை அவரை வீட்டுக் காவலுக்கு விட்டுப்போவதாக இருந்தோம்.

பாண்டிச்சேரிக் கரையில் பாறைகள் என்பதால், மணல் இறங்கும் மகாபலிபுரத்துக்கே போனோம். அங்கே பெரியம்மா மெல்ல நடந்து கடலில் கால் நனைத்தார். விரலால் தொட்டு நாக்கில் வைத்து, "அந்தம்மா ஊரு கடலும் இதே உப்புதானாடா?" என்றார்.

நாங்கள் ஊர் திரும்புவதற்குள் அந்த இத்தாலிக்கார அம்மா தன் நாட்டுக்குப் போய்விட்டார். இன்றும் கடலைக் கண்டால் அவருக்குத்தான் முதல் கும்பிடு.