செவலை நின்ற இடம்

கல்லில் பேர் வெட்டுகிறவனுக்கு வாடிக்கையாளர்கள் இரண்டே வகை: திறப்பு விழா நடத்துகிறவர்கள், கண்ணை மூடியவர்கள். இரண்டாம் வகையால் தொந்தரவே கிடையாது, அவர்களுடைய சொந்தக்காரர்களால்தான். கடை வைத்துச் சீரழியும் சக பாவிகளே, கேசட் காலத்தில் கொல்லிமலைக்கு ஒரு கல்லைக் கொண்டுபோய் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

பழக்கதோஷம்

ஒரு நாட்டுப்புறப் பாடகரின் கேசட் அப்போது சக்கைப்போடு போட்டது. டீக்கடை, லாரி, கல்யாண வீடு, எங்கும் அதே பாட்டு. அட்டைப் படத்தில் பாடகர் தோளில் துண்டோடு பலா மரத்தடியில் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு நிற்பார். அந்தச் சிரிப்புக்காகவே கேசட் விற்றது என்பார்கள். படம் எடுத்த இடம் கொல்லிமலை வாழவந்தி நாட்டில் இருக்கிறது, அங்கே கல் நட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பாடகரே வந்து திறக்கிறார் என்று ரசிகர் மன்றச் செயலாளர் வந்து நின்றார். நான் வாய் தவறி, "தோற்றம், மறைவு தேதி குடுங்க" என்று கேட்டுவிட்டேன். மனுஷன் துள்ளிக் குதித்தார்.

"ஏனுங்க, அவரு இப்பத்தானுங்க ஊத்தப்பம் தின்னுக்கிட்டே எங்கூடப் போன்ல பேசினாரு!"

ரசிகை

வெட்டிய கல்லை நான் மலைக்கு ஏற்றுவதில்லை. எழுபது வளைவில் லாரி குலுக்குகிற குலுக்கலில் மூலை பெயர்ந்துவிடும், கூடவே நம் மானமும் போய்விடும். அதனால் வெறுங்கல்லை ஏற்றிப்போய் அங்கேயே உட்கார்ந்து வெட்டுவேன். மேலே போனால் பார்க்கிற இடமெல்லாம் பலா மரம்! செயலாளர் கேசட் அட்டையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மரத்தடியிலும் பாடகர் மாதிரியே சிரித்துக் காட்டினார். ஒன்றும் ஒத்துவரவில்லை.

மரவள்ளிக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த நல்லம்மா அட்டையை வாங்கிப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டார். "பாத்தீங்களா, மலை மேலயும் ரசிகை!" என்று செயலாளருக்கு ஒரே பெருமை. அந்த அம்மாவோ பாடகரின் முதுகுக்குப் பின்னால் நின்ற, ஒரு கொம்பு மடங்கிய மாட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"இந்த ஆளு யாருன்னு தெரியலீங்க. இது எங்கூட்டுச் செவலைங்க, போன தையில செத்துப்போச்சு."

கல்மேல் அமர்ந்த நல்லம்மா

படத்தில் இருந்த காடும் மரமும் அவருடையதுதான். கல் நடச் சந்தோஷமாகச் சம்மதித்தார். 'இவ்விடத்தில்' என்று முதல் வரியை வெட்டிவிட்டுப் பாடகர் பேரைச் சாக்பீஸால் எழுதும்போதுதான், "இவரு உசுரோடதான இருக்காரு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவ்வளவுதான், கல்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்!

அவர்கள் காட்டில் பேர் வெட்டிக் கல் நடுவது செத்தவர்களுக்குத்தானாம். நல்லா இருக்கிற மனுஷன் பேரை நட்டால் அவர் ஆயுசுக்கு ஆகாது, அந்தப் பாவம் நமக்கு வேண்டாம் என்றார். செயலாளர் கெஞ்சினார், கத்தினார். அம்மா அசையவில்லை. விடிந்தால் பாடகர் வருகிறார், கல்லில் இருப்பதோ ஒற்றை வார்த்தை! "அப்ப யாரு பேரத்தானுங்க வெட்டறது?" என்றேன். அவர் சொன்னார். செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மாட்டுக்குக் கல்லு நடறதுக்காங்க நாங்க மன்றம் வெச்சோம்?"

திறப்பு விழா

மறுநாள் மேளதாளத்தோடு பாடகர் வந்தார். செயலாளர் பலா மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். துணியை இழுத்தால், 'இவ்விடத்தில் நின்றது செவலை'. உளியோடு எந்தப் பக்கம் ஓடலாம் என்று நான் வழி பார்த்தேன்.

நல்லம்மா முன்னால் வந்தார். "செவலைங்கறது உங்க படத்துல பின்னால நிக்கற எங்க மாடுங்க, செத்துப்போச்சு. உங்க பேரு வேண்டாம்னு நாந்தானுங்க சொன்னேன். நீங்க நூறு வருசம் நல்லா இருக்கோணும் சாமி" என்றார். பாடகர் கழுத்து மாலையைக் கழற்றிக் கல்லுக்குப் போட்டுவிட்டு, கேசட் அட்டையில் இருக்கிற அதே சிரிப்பைச் சிரித்தார். கண்ணில் தண்ணீர்.

"படம் புடிக்கையில பின்னால நின்னு எந்துண்டத் தின்னது இதுதானுங்கம்மா, அன்னைக்கு நான் சிரிச்சதே அதுக்குத்தான்!"

எத்தனையோ பேருக்குக் கல்லில் பேர் வெட்டியிருக்கிறேன். தன் பேரை வெட்டாததற்காக எனக்குக் கும்பிடு போட்டுவிட்டு மலையிறங்கியவர் அவர் ஒருவர்தான்.