வேலம்மாள் வாங்கிய பிள்ளை

சாரல் தூறிக்கொண்டிருந்த மத்தியானம். மேற்கே மலை இருந்த இடத்தில் வெறும் வெள்ளைதான் தெரிந்தது. நாற்காலியில் கண் செருகிக் கிடந்தேன். பண்ணைப்புரத்திலிருந்து வந்த ஆள் வாசலில் நின்று, "டீச்சரம்மா, வேலம்மாக்கா காலையில போயிட்டாக" என்றார். எங்கே போனாள் என்று கேட்க வாயெடுத்தேன். என் அரைத் தூக்கத்தில் அவள் எங்கள் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

உத்தமபாளையத்தில் என் வீட்டுக்கு வந்துபோன உங்கள் எல்லோருக்கும் அவளைத் தெரியும். எப்படி வந்தாள் என்பது சிலருக்குத் தெரியாது. எனக்கு முதல் இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. மூன்றாவது வயிற்றில் இருந்தபோதும் பெண்கள் பள்ளிக்கூட வேலையை விடமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தேன். "புள்ள பாக்க ஆள் வச்சா ஒஞ் சம்பளத்துல பாதி அவளுக்கே போயிரும். மிச்சத்துக்காகவா இந்த ஓட்டம் ஓடுற?" என்றாள் என் நாத்தனார். நான் கேட்கவில்லை. கூலி பேசி வேலம்மாளை அமர்த்தினேன். புருஷனை இழந்தவள், பிள்ளையில்லாதவள், வாய் கொஞ்சம் நீளம்.

பெண் பிறந்தது. இதுவாவது தங்கட்டும், தவிட்டுக்கு விற்றுவிடலாம் என்றாள் நாத்தனார். ஒருத்தி ஒரு சுளகுத் தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்வாள். இது இந்த வீட்டுப் பிள்ளையில்லை என்று எமன் ஏமாந்து போவான். வாங்குகிறவள் வழக்கமாக அடுத்த தெருக்காரியாக இருப்பாள். வாங்கிய பிள்ளையைப் பெற்றவளிடமே வளர்க்கக் கொடுத்துவிட்டுத் தன் பாட்டுக்குப் போய்விடுவாள். அவசரத்தில் எங்கள் கைக்கு அகப்பட்டவள் வேலம்மாள். பிள்ளை பார்க்க வந்தவளிடமே பிள்ளையை விற்றுவிட்டோம். அது எவ்வளவு பெரிய பிசகு என்பது மாதக் கடைசியில் கூலியை நீட்டியபோதுதான் தெரிந்தது.

கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "எம்புள்ளைய நான் வளக்குறதுக்கு நீங்க எதுக்குக் கூலி தரணும்?" நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. சாப்பாடும் சேலையும் தவிர எதையும் வாங்க மறுத்துவிட்டாள். கூலி மிச்சம் என்று என் கணவருக்கு ஏக சந்தோஷம். இக்கட்டு எனக்குத்தான். கூலி வாங்குகிறவளிடம் இதைச் செய், அதைச் செய் என்று சொல்லலாம். இவளிடம் என்ன சொல்வது? சின்னமனூர்த் திருவிழாவுக்கு என் மகளைத் தூக்கிப்போக நானே அவளிடம் கேட்டு நின்றேன். "வெயிலு தாழ்ந்து கூட்டிட்டுப் போங்க" என்று பெரிய மனது பண்ணினாள்.

அந்த வருஷங்கள் எனக்கு ஒரே நீண்ட சாயங்காலமாகத்தான் நினைவில் இருக்கின்றன. ஆடிக் காற்றில் சேலைத் தொட்டில் ஆட்டாமலே ஆடுகிறது. வேலம்மாள் சொல்லில்லாத ஏதோ ஒரு ராகத்தை முனகுகிறாள். நான் குடையை மடக்காமல் வாசலில் நிற்கிறேன். உள்ளே போனால் எல்லாம் கலைந்துவிடும்போல் இருக்கிறது. பொறாமையாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. மகள் என்னை அம்மா என்றாள், அவளை ஆத்தா என்றாள். ஒருமுறை குழந்தைக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்குப் போகாமல் உட்கார்ந்துவிட்டேன். "அங்கன ஊரார் புள்ளைக காத்துக் கெடக்கும், போங்க. எம்புள்ளைக்கு நான் இருக்கேன்" என்று விரட்டினாள். அன்று என்ன பாடம் நடத்தினேனோ தெரியாது. திரும்பி வந்தபோது காய்ச்சல் இறங்கி, இரண்டு பேரும் ஒரே பாயில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

காது குத்துவதற்கு முன் பிள்ளையை மீட்க வேண்டும். கொடுப்பாளோ மாட்டாளோ என்ற பயத்தோடுதான் சுளகில் தவிட்டை ஏந்திக்கொண்டு போனேன். "ஒந் தவிட்ட வாங்கிக்க, எம்புள்ளையக் குடு" என்று சொல்ல வேண்டும். நான் சுளகை மட்டும் நீட்டினேன். அவள் பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கி என் பக்கம் தள்ளினாள். தவிட்டைக் கொண்டுபோய் மாட்டுக்கு வைத்தாள். மாடு தின்று முடிக்கும்வரை எங்கள் பக்கம் திரும்பவேயில்லை.

மறுநாள் காலையில் எப்போதும்போல் வந்தாள். "கூலி பேசுங்க டீச்சரம்மா" என்றாள்.

"என்னக்கா, திடீர்னு?"

"நேத்து வரைக்கும் எம்புள்ள. இனி அடுத்தவக புள்ளையத்தான பாக்கணும்? முன்னப் பேசுனது பத்தாது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கண்கள் வீங்கியிருந்தன. கேட்டதைக் கொடுத்தேன். அதன்பிறகு ஒரு மாதம்கூட விடாமல் வாங்கிக்கொண்டாள்.

சேதி வந்த சாயங்காலமே பண்ணைப்புரத்தில் அவள் தங்கை வீட்டுக்குப் போனேன். சின்னமனூரில் வாழ்க்கைப்பட்ட என் மகள் எனக்கு முன்பே வந்து, தலையை அவிழ்த்துவிட்டு, அந்த வீட்டுப் பெண்களோடு வேலம்மாளின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். யார் இந்தப் பெண் என்று யாரோ கேட்டார்கள். "மக" என்றாள் வேலம்மாளின் தங்கை. துக்கத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக அந்த மகளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு நகர்ந்தார்கள். நானும் அவர்களோடு போய், தாயைப் பறிகொடுத்தவளைக் கட்டிக்கொள்வதுபோல என் மகளைக் கட்டிக்கொண்டேன். "ஆத்தா போயிட்டாம்மா" என்றாள்.

வேலம்மாள் எனக்கென்று விட்டுப்போனது இந்தப் பெண்ணைத்தான். இவளுக்கு நான் ஒருத்தி மட்டுமே தாயாக இருக்க வேண்டும் என்று எத்தனையோ வருஷம் உள்ளுக்குள் ஏங்கியிருக்கிறேன். இப்போது நான் ஒருத்திதான் இருக்கிறேன். என் தோளில் முகத்தை வைத்து இவள் அழுகிற அழுகைக்கு நான் ஒருத்தி போதவில்லை.