என் மனைவி ஏற மறுத்த வண்டி

எங்கள் தெருவில் என் வண்டிக்கு ஒட்டகம் என்று பெயர். நான்கு சக்கரங்களும் இழுக்கும் பெரிய சொகுசு வண்டி அது. புதுச்சேரியில் யாரோ ஓட்டிச் சலித்ததை, வயதான காலத்தில் ஆசைப்பட்டு வாங்கினேன். உள்ளே தோல் இருக்கைகள், வழவழவென்று மரம் இழைத்த முகப்பு. அடியில் இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர்ப் பைகள். வண்டி அந்தப் பைகளின் மேல் மிதந்துகொண்டு போகும். பழைய பைகள் என்பதால் இராத்திரியில் காற்று கசிந்து, காலையில் வயிறு தரையில் படுகிற மாதிரி படுத்துக் கிடக்கும். கிளப்பினால் முதலில் பின்பக்கம் எழும்பும், அப்புறம் முன்பக்கம். ஒட்டகமும் அப்படித்தான் எழுந்திருக்குமாம்.

"சாரு கெளம்பிட்டாரு, ஒட்டகம் ஏந்திரிக்குது" என்று எதிர்வீட்டுக்காரர் தினமும் சொல்வார். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

என் மனைவிக்கு அந்த வண்டி பிடித்திருந்தது. இதை நான் முதலில் சொல்லிவிட வேண்டும். அவளுக்கு முதுகில் தட்டு விலகி, உட்கார்ந்தாலும் வலி, நின்றாலும் வலி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திட்டக்குடியில் இருக்கும் அக்காவைப் பார்க்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. ஒட்டகத்தில் ஏறி உட்கார்ந்தால், வழியில் பெண்ணாடம் வருவதற்குள் தூங்கிப்போவாள். "தொட்டிலு மாதிரி இருக்குதுங்க" என்பாள்.

அந்தத் தொட்டிலைக் கெடுத்தவன் நான்.

தெருவின் கேலி எனக்குப் பொறுக்கவில்லை. பைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு இரும்பு ஸ்பிரிங் மாட்டலாம் என்று மெக்கானிக் சொன்னார். "யானையே ஏறுனாலும் அசையாது சார்." யானை எதற்கு என் வண்டியில் ஏறப்போகிறது என்று நான் யோசிக்கவில்லை. இருப்பதிலேயே கெட்டியான ஸ்பிரிங்கைப் போடச் சொன்னேன். அதோடு நிற்காமல், பளபளக்கும் பெரிய சக்கரங்களும் வாங்கினேன். சக்கரம் பெரிதானால் டயர் மெலியும். இரும்பு வளையத்துக்கு ரப்பர் நாடா சுற்றியது போல இருந்தது. வண்டி நிமிர்ந்து நின்றது. எதிர்வீட்டுக்காரர் வாயை மூடிக்கொண்டார். நான் ஒரு வாரம் காரணமில்லாமல் கடைத்தெருவைச் சுற்றி வந்தேன்.

அடுத்த ஞாயிறு திட்டக்குடி போய்த் திரும்பிய பிறகு என் மனைவி இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாள்.

"கரும்பு டிராக்டர்ல கரும்போட கரும்பா கட்டிவுட்டிருந்தா இதவிட சொகமா வந்திருப்பேன்" என்றாள். "இனிமே எனக்கு பஸ்ஸே போதும்."

சும்மா சொல்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த முறை பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போய்விட்டாள். எனக்குக் கோபமும் வெட்கமும். தனியாக அனுப்ப மனமும் வரவில்லை. காலி வண்டியை ஓட்டிக்கொண்டு அந்தப் பேருந்தின் பின்னாலேயே போனேன். பெண்ணாடத்தில் பேருந்து நின்றபோது பக்கத்தில் நிறுத்தினேன். ஜன்னல் வழியாக வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்றை நீட்டினாள்.

"ஏங்க, ஏன் இந்தக் காரு தொரத்திக்கினே வருதுன்னு கண்டக்டரு கேக்குறாரு. நம்ம வூட்டுக்காரருதான், வழி தெரியாம பின்னாடி வராருன்னு சொல்லியிருக்கேன்."

அவளுடைய அக்காவுக்கு அன்றைக்கு நல்ல தீனி. "என் தங்கச்சி மந்திரியாயிட்டா தம்பி. முன்னாடி அவ போறா, பின்னாடி பாதுகாப்பு வண்டி வருது" என்று பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சொன்னார்.

வீட்டுக்கு வந்து கெஞ்சினேன். என்ன செய்தால் ஏறுவாய் என்று கேட்டேன். அவள் யோசித்து ஒரு நிபந்தனை வைத்தாள்.

நாங்கள் தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு பீங்கான் பட்டறை வைத்திருக்கிறோம். டீக் கோப்பைகள்தான் முக்கியமாகச் செய்கிறோம். இப்போது மகள் பார்த்துக்கொள்கிறாள். ஆனாலும் காலையில் போய்க் கோப்பைகளுக்குப் பிடிக்கும் காது ஒட்டாவிட்டால் என் மனைவிக்குக் கை நமநமக்கும். அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த, இன்னும் சூளை காணாத கோப்பையைப் பச்சை என்போம். அதற்கு அப்பளத்தின் பலம்தான். பட்டறையிலிருந்து சூளைக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விடும்.

"ஒரு பலகை நெறைய பச்ச தரேன்" என்றாள். "நான் ஒக்கார்ற சீட்டுல வெச்சிக்கினு பெண்ணாடம் போயிட்டு வாங்க. ஒரு காது ஒடையாம வந்துச்சின்னா நான் ஏறுறேன்."

நான் பீங்கான் தொழிலைப் படித்துப் பட்டம் வாங்கியவன். நியாயமான சோதனை என்று எனக்கே பட்டது.

முதல் ஓட்டத்தில் பலகையில் மிஞ்சியதெல்லாம் மாவு. மெக்கானிக்கிடம் ஓடினேன். அவர் வண்டியைத் தூக்கிப் பார்த்தார். சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைகளின் மூட்டில் இருந்த ரப்பர் புஷ்கள் வெடித்துப்போய் இரும்பும் இரும்பும் முட்டிக்கொண்டிருந்தன. அவற்றை மாற்றினார். ஷாக் அப்சார்பர்களை மாற்றினார். யானைக்குப் போட்ட ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு வண்டியின் எடைக்குத் தகுந்த இளக்கமான ஸ்பிரிங் போட்டார். டயரில் கல்லாக அடைத்திருந்த காற்றைக் குறைத்தார். கடைசியாகச் சக்கரத்தைத் தட்டினார்.

"இதுல சதையே இல்ல சார். வண்டியோட வந்த பழைய சக்கரம் இருக்குதா? அதுக்குத் தடியா டயரு போட்டா மீதியும் சரியாயிடும்."

இருந்தது. பட்டறையில் அந்தப் பழைய சக்கரங்களைப் படுக்கப்போட்டு, மேலே பலகை அடுக்கித்தான் பச்சைக் கோப்பைகளைக் காயவைத்துக்கொண்டிருந்தோம். "அது மட்டும் வேணாம். பெரிய சக்கரம் இருக்கட்டும்" என்றேன். அழகு போய்விடுமே என்ற நினைப்பு.

"அப்போ அம்மாவ நீங்களே சமாளிச்சிக்குங்க" என்றார்.

மறுநாள் மறுபடியும் ஒரு பலகை கோப்பைகளோடு கிளம்பினேன். வண்டி எவ்வளவோ தேறியிருந்தது. திரும்பும் வழியில், கரும்பு டிராக்டர்கள் உழுதுபோட்ட ஒரு பள்ளத்தில் டொக்கென்று இறங்கியது. பார்த்தேன். ஒரே ஒரு கோப்பைக்குக் காது போயிருந்தது.

ஒன்றுதானே என்று தோன்றியது. வண்டியைப் பட்டறைக்கு விட்டேன். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். காய்கிற பலகையிலிருந்து ஒரு கோப்பையை எடுத்து, உடைந்ததன் இடத்தில் வைத்தேன். உடைந்ததை மண் தொட்டியில் போட்டேன். கூச்சமே இல்லாமல் வீட்டுக்கு வந்தேன்.

என் மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கோப்பைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்றிடம் கொஞ்சம் நின்றாள்.

"நல்லாதான் வந்திருக்குது" என்றாள். "சரி, ஞாயித்துக்கெழம போவலாம்."

ஞாயிற்றுக்கிழமை பெண்ணாடம் வரைக்கும் பேசிக்கொண்டு வந்தாள். அதைத் தாண்டி ஒரு பெரிய பள்ளத்தில் வண்டி இறங்கியதும் பேச்சு நின்றது. கதவுக்கு மேலே இருக்கும் பிடியைப் பிடித்துக்கொண்டாள். திட்டக்குடியில் அவளால் தானாக இறங்க முடியவில்லை. அக்கா கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போய் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். அன்றைக்கு அவர் என்னைக் கேலி செய்யவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வீடு திரும்பிய பிறகு சில நாட்கள் அவள் படுக்கையில்தான் கிடந்தாள். ஒரு காலை நான் காப்பி போட்டுக் கொண்டுபோனேன். குடித்துவிட்டுக் கேட்டாள்.

"அந்த ஒரு கோப்பைய எங்கேருந்து எடுத்தாந்தீங்க?"

நான் காலி டம்ளரை வாங்கிக் கீழே வைத்தேன்.

"மத்ததெல்லாம் காஞ்சி வெளுத்துக் கெடந்துச்சி. அது மட்டும் ஈரமா, கருப்பா இருந்துச்சி. அன்னிக்குக் காலையில நான் காது ஒட்டுனதுங்க அது. இதுகூடத் தெரியாமயா படிச்சிட்டு வந்தீங்க?"

பச்சை மண் ஈரத்தில் கருத்து, காய்ந்தால் வெளுக்கும். படிப்பில்லாதவர்களுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அவசரத்தில் கண்ணில் படவில்லை.

"தெரிஞ்சுமா ஏறுன?"

"என்னா பண்றது. சொந்தப் பட்டறையிலயே திருட ஆரம்பிச்சிட்டீங்க. இன்னும் ஏறலன்னா அடுத்து எங்க கை வெப்பீங்களோன்னு பயமாயிடுச்சி."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்தபோது முதுகு இழுத்து முகம் சுருங்கியது. அந்தச் சுருக்கத்தை நான் மறக்கமாட்டேன். சக்கரத்தின் பளபளப்புக்காக அவள் முதுகை நான் பணயம் வைத்தேன், அவளிடம் பொய்யும் சொன்னேன். இதற்கு வேறு பெயர் வைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

அன்றைக்கே பட்டறைக்குப் போய்ப் பலகைகளைத் தூக்கிவைத்து, பழைய சக்கரங்களை உருட்டிக்கொண்டு வந்தேன். தடித்த டயர் போட்டு வண்டியில் மாட்டியாயிற்று. பெரிய சக்கரங்கள் இப்போது பட்டறையில் பலகைகளைத் தாங்குகின்றன. "கோப்பைக்கெல்லாம் ராஜ வாழ்க்கைப்பா" என்கிறாள் மகள். வண்டி கொஞ்சம் குள்ளமாகத்தான் தெரிகிறது. "என்னா சார், ஒட்டகம் கழுதையாயிடுச்சி" என்றார் எதிர்வீட்டுக்காரர். இருக்கட்டும்.

அந்த ஈரக் கோப்பையை என் மனைவி சூளைக்கு அனுப்பவில்லை. அடுப்பங்கரை அலமாரியில், என் கண்ணில் படுகிற இடத்தில் வைத்திருந்தாள். அது காய்ந்து வெளுத்துவிட்டது. சுடாத கோப்பையில் தண்ணீர் ஊற்றினால் கரைந்துபோகும். யாருக்கும் பயன்படாமல், பார்த்தால் மட்டும் குத்துகிற மாதிரி அது அங்கேயே இருந்தது.

முதுகு தேறிய பிறகு சோதனை எதுவும் வைக்காமல் அவளே வந்து ஏறினாள். நான் வேகமும் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. பெண்ணாடம் தாண்டிக் கொஞ்சதூரம் போனதும் அவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"இங்க ஒரு பெரிய பள்ளம் இருக்குமே. ரோடு போட்டுட்டாங்களா?"

ஆமாம் என்று சொல்லத்தான் நாக்கு போனது.

"போடல. அது தாண்டியாச்சி" என்றேன்.

அவள் திரும்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பள்ளம் அங்கேயேதான் இருந்தது. எங்களுக்குப் பின்னால் வந்த பேருந்து அதில் இறங்கி, ஆடி, ஏறியது.

"ஏங்க" என்றாள், காலை நீட்டிக்கொண்டு. "நாளைக்குப் பட்டறைக்குப் போவும்போது அலமாரில இருக்குற கோப்பைய எடுத்துக்குங்க. சூளையில வெச்சிடலாம்."

திட்டக்குடி வரும்போது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.