முழத்தில் எத்தனை ஃபெர்மி

"...அது கெடக்கட்டும் நைனா, முழம்னு எழுதிக்கிறியே, யாரு கை முழம்? உன் கையா, என் கையா?"

கேட்டது பூக்காரம்மா. வேலப்பன்சாவடியில் எங்கள் படிப்பகத்து வாசற்படியில் கூடை வைத்து உட்கார்ந்திருப்பவர். வாசலில் சாக்பீசும் நானும், உள்ளே கரும்பலகை. நடுவே காலி பெஞ்சுகள்.

அறுபதுகளின் கடைசி அது. அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். அங்கே பேசினால் சத்தத்தில் கேட்காது. வாடகை அறையில் பேசினால் கேட்கும், கேட்கத்தான் ஆளில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எனக்கு வாய் இருந்தது, காதுதான் கிடைக்கவில்லை. ஒருநாள் ஸ்டவ்விடம் "இன்னிக்கு என்ன மக்கர்?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தேன்.

அதன் பிறகுதான் படிப்பகத்தில் ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் அறிவியல் பேச இடம் கேட்டேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் நான். பழைய புத்தகக் கடைப் புத்தகங்களை அகராதி வைத்துப் படித்ததுதான் என் படிப்பு. முதலில் நாலு பேர் வந்தார்கள், பிறகு இரண்டு பேர், பிறகு மழை வந்தது. படிப்பகத்தின் செயலாளர் என்னைவிடச் சின்னவர், நல்ல பிள்ளை. தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

"அண்ணாத்தே, பசங்க கேரம் ஆட எடம் கேக்குறானுங்க. இந்த வாரம் பெஞ்சுல ஒரு ஆளாவது குந்தினா பாக்கலாம். இல்லாங்காட்டி அந்த நேரம் அவனுங்களுக்குத்தான்."

அது போனால் வாரம் முழுக்க எனக்குப் பேச்சே கிடையாது.

அணுவின் கருவை அளக்க ஃபெர்மி என்று ஓர் அளவு உண்டு. அதை மீட்டரில் சொன்னால் யார் வருவார்கள்? துணிக்கடைக்கு மீட்டர் வந்து சில வருஷம் ஆகியும் பூ மட்டும் முழத்தில்தான் விற்றது. ஆகவே முழத்துக்கு மாற்றினேன். அந்த வாரம் சாயங்காலமெல்லாம் கணக்குதான் துணை. பழைய வாய்பாட்டில் 'கூப்பிடு' என்றும் ஓர் அளவு. கூப்பிட்டால் குரல் எட்டும் தூரம், ஐந்நூறு கோல். அதையும் ஃபெர்மியாக்கினேன். பூஜ்யங்கள் அடுத்த வரிக்கு வழிந்தன. அத்தனை ஃபெர்மிக்குள்ளும் நான் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஒருவருமில்லை என்று தோன்றியதும் தாளை மடித்து வைத்துவிட்டேன்.

ஞாயிறன்று பலகையில் தெருவுக்கே தெரியும்படி எழுதினேன்: ஒரு முழம் = 18 அங்குலம் = 457 லட்சம் கோடி ஃபெர்மி. ஒருவரும் உள்ளே வரவில்லை. பூ வாங்க வந்த ஒரு பெண் மட்டும் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "ஏம்மா, பதினெட்டு அங்குலமாமே, உன் முழம் அவ்ளோ கீதா?" என்று கேட்டு, வாங்காமலே போனாள். நான் வாசலுக்கு வந்து ஃபெர்மி என்றால் என்னவென்று விளக்கத் தொடங்கினேன். அப்போதுதான் பூக்காரம்மா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"பொதுவா ஒரு முழம்மா. யார் கையும் இல்ல," என்றேன்.

"கைய ஊட்ல வெச்சுட்டா முழம் போடுவாங்க?"

என் ஸ்கேலை அவர் கையில் வைத்துப் பார்த்தேன். பதினாறு அங்குலம். மனக்கணக்குப் போட்டு, "பலகையில இருக்கிறதைவிட ஐம்பது லட்சம் கோடி ஃபெர்மி கம்மி," என்றேன்.

"மெதுவா சொல்லு. ஏற்கெனவே குட்டக்கைக்காரின்னு பேரு. நீ அத்த எழுதி வெச்சா, நாளைக்கு ஒவ்வொருத்தியும் ஸ்கேலு எடுத்துக்கினு வருவா."

"எறும்பும் தன் கையால் எண் சாண்னு சொல்லுவாங்கம்மா."

"எறும்பு பூ விக்கிதா?"

வெகுநாளைக்குப் பிறகு சிரித்தேன். அதற்குள் செயலாளர் கேரம் பலகையோடு வந்துவிட்டார். பின்னால் பையன்கள். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"யாரும் வர்லியா அண்ணாத்தே?"

"இவங்க கேக்குறாங்களே."

"அவங்க யாவாரத்துக்குக் குந்திக்கினு கீறாங்க. பெஞ்சுல யாரு கீறா?"

உள்ளே போய்ச் சாக்பீசை மேஜைமேல் வைத்தேன்.

பூக்காரம்மா எழுந்தார். பூமேல் போட்டிருந்த ஈரத்துணியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து, பலகையிலிருந்த பதினெட்டைத் துடைத்தார். அதற்குப் பின்னாலிருந்த லட்சம் கோடியையும் துடைத்தார். திரும்பிப் போய்க் கூடையைக் கொண்டுவந்து காலடியில் வைத்தார். முதல் பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் சரத்தைப் போட்டுக் கட்டத் தொடங்கினார்.