தோளில் வந்த வலி

அறுபதுகளின் தொடக்கம். இலங்கை மலைநாட்டில், கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் மிட்வைஃப்பாகச் சேர்ந்து மூன்றாவது மாதம். காலை பத்து மணியிருக்கும். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த மாரியாயி மலையிலேயே மயங்கி விழுந்துவிட்டாள் என்று கம்பளியில் கிடத்தித் தோட்டத்து மருந்தகத்துக்குத் தூக்கி வந்தார்கள். வைத்தியம் பார்க்கும் டிஸ்பென்சர் தோட்டத்தின் அடுத்த டிவிஷனுக்குப் போயிருந்தார்.

"வாய்வுதாங்க அம்மா. பழைய ரொட்டியத் தின்னுட்டுப் போனா," என்றாள் கூடவே வந்த மாமியார்.

அடிவயிற்று வலி. நானும் வாய்வு மிக்ஸ்சர் போத்தலைக் கையில் எடுத்துவிட்டேன்.

"வலது தோளு குத்துதுங்க," என்று மாரியாயி முனகினாள்.

கூடை சுமந்த வலி என்றுதான் முதலில் நினைத்தேன். நாடி பிடித்தால் எண்ண முடியாத ஓட்டம். கீழிமையை இழுத்துப் பார்த்தேன், சிவப்பே இல்லை. வயிற்றுக்குள் இரத்தம் சேர்ந்தால் தோளில் வலிக்கும் என்று பயிற்சியில் சொன்னது அப்போதுதான் உறைத்தது. போத்தலை வைத்துவிட்டு, கடைசியாக எப்போது மாதவிலக்கு வந்தது என்று கேட்டேன்.

"போன வாரந்தாங்க." பதில் சொன்னது மாமியார்.

அவளை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன்.

"தள்ளிப்போயி மூணு வாரமாச்சுங்க. போன வாரம் கொஞ்சூண்டு கறை பட்டுச்சு. அதான் வந்துருச்சுன்னு அத்தை நெனச்சுக்கிட்டாங்க. ஆறு வருசமாப் புள்ள இல்ல. வெளிய சொல்லி, அது தங்காமப் போனா, ஏச்சு தாங்க முடியாதுங்க."

கரு கருப்பைக்குள் இல்லை, கருக்குழாயில் தங்கியிருக்கிறது, குழாய் வெடித்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. கொழுந்து லொறி வெளியே நின்றது. அவளை அதில் ஏற்றப் போனதும், மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு மறித்தார்.

"தோட்டத்துத் தொரைகிட்டக் கேக்காம முடியாது. வயித்து வலிக்கெல்லாம் லொறியா?"

"உள்ளுக்குள்ள ரத்தம் போகுதுங்க. தொரை வர்ற வரைக்கும் இவ இருக்க மாட்டா. கேட்டா என் பேரச் சொல்லுங்க."

சொல்லிவிட்டேன். நான் நினைத்தது தப்பாக இருந்தால் வேலை போகும். அவர் மாரியாயியின் முகத்தைப் பார்த்தார். பிறகு கொழுந்துச் சாக்குகளை அவரே இறக்கத் தொடங்கினார்.

லொறியில் அவள் கால்களை உயர்த்தி என் மடியில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வளைவிலும் நாடி மெலிந்துகொண்டே வந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் நேராக ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். பின்னாலேயே வந்து சேர்ந்த அவள் புருஷன் இரத்தம் கொடுத்தான். வெடித்த குழாயை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள்.

நாலாம் நாள் பார்க்கப் போனபோது நடந்ததை விளக்கினேன். மாரியாயி கேட்டாள்:

"அப்ப எனக்கும் புள்ள உண்டாச்சுதானேங்க? அத அத்தைகிட்ட நீங்களே சொல்லிருங்க."

சொன்னேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, வயிற்று வலி என்று ஒரு பெண் வந்தால் நாள் தள்ளியதா என்று கேளுங்கள். அவளிடம் மட்டும், கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்கள்.