கழுவின நெய்

ராசிபுரம் நெசவாளர் தெருவில் யாருக்குக் கை வெடித்தாலும் பொன்னாத்தாள் வாசலில்தான் போய் நிற்பார்கள். விரலில் வெடிப்பிருந்தால் பட்டிழை அதில் மாட்டி அறுந்துவிடும். சேலத்துக் கடைகளில் டப்பாக் களிம்பு வந்த பிறகும், தெரு அவள் கழுவின நெய்யைத்தான் நம்பியது.

விடியலில் செம்புத் தட்டில் நெய்யை விட்டு, தண்ணீர் சேர்த்து, உள்ளங்கையால் தேய்ப்பாள். நீரை வடிப்பாள். மறுபடி தண்ணீர், மறுபடி தேய்ப்பு. மஞ்சள் நெய் மெல்ல மெல்ல வெளுத்து வெண்ணெயாய்க் குழையும். கை சுற்றச் சுற்ற அவளும் எங்கோ போய்விடுவாள். சில நாள் செத்துப்போன புருஷன் எதிரில் வந்து உட்கார்ந்து சிரிப்பான்.

அந்த நெய்யை அவள் கையிலிருந்து யாரும் வாங்குவதில்லை. தாலியறுத்தவள் அல்லவா? இலையில் வைத்து வாசற்படியில் வைப்பாள், குனிந்து எடுத்துக்கொள்வார்கள். மருந்து வேண்டும், கை வேண்டாம். நல்ல தெரு!

மகள் ராசாத்திக்குத் தையில் கல்யாணம். முகூர்த்தப் பட்டுப் புடவையை எதிர்வீட்டுச் செங்கோட்டையன் நெய்துகொண்டிருந்தான். பெற்றவளே ஆனாலும் பொன்னாத்தாள் அதைத் தொடக் கூடாது என்றுவிட்டார்கள். அவளுக்கோ ஒரே ஒரு ஆசை, மகள் உடுத்தும் பட்டை ஒரு தரம் தடவிப் பார்க்க வேண்டும். எதிரே தறி ஓடும்போதெல்லாம் நெய் தேய்க்கும் கையும் அந்தத் தாளத்துக்கே சுற்றும். முடிவில்லாத சிவப்புப் பட்டின் மேல் தான் வெறுங்காலோடு நடந்து போவதுபோல் இருக்கும்.

மார்கழிப் பனியில் செங்கோட்டையன் விரல்கள் வெடித்தன. படியில் நெய் வைத்தாள்.

"ராத்திரி தடவிக்கோ சாமி. காலைல அரப்புப் போட்டுக் கழுவீட்டுத்தான் தறியில உக்காரோணும்."

அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள். முகூர்த்தத்துக்கு முதல் நாள் புடவையோடு வந்தவன் முகத்தில் ஈயாடவில்லை. விரித்துக் காட்டினான். அரக்குச் சிவப்பின் நடுவே, பெருவிரல் அகலத்துக்கு ஒரு நெய்க் கறை.

"நாள் நெருங்கிருச்சேன்னு கழுவாம உக்காந்துட்டனுங்க அக்கா. சம்பந்தி ஊட்டுக்காரங்க பாத்தா மானமே போயிரும். பச்சரிசி மாவு தடவி வெச்சா கறையை எடுத்தரலாமுங்க. எடுக்கட்டுங்களா?"

பொன்னாத்தாள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தாள். அவள் கை தேய்த்த விடியற்கால நெய்யின் வாசம் அந்தப் புடவையிலிருந்து வந்தது. கண் நிறைந்துவிட்டது.

"வேண்டாஞ் சாமி, இருக்கட்டும்."

"ஏனுங்க அக்கா?"

"நெஞ்சுப் பக்கம் உள்மடிப்புல வருமாட்டக் கட்டிக்கச் சொல்றேன். ராசாத்தியத் தவர யாருக்கும் தெரிய வேண்டாம்."

மறுநாள் மேளம் கொட்டியது. தாய் இருட்டு அறையில் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். மணையில் உட்காரும் முன் ராசாத்தி ஒரு தரம் அந்தக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு நெஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்து, மெல்லத் தேய்த்துக்கொண்டாள்.