உப்பு ஓட்டுக்கு அடியில்

எழுபதுகளில், துபாய்க்கு வடக்கே கடலை விட்டு இரண்டு மைல் உள்ளே ஒரு சைட்டில் மண் சோதிக்கும் வேலை பார்த்தேன். துளை போட்டபோது ஈரச்சேற்றோடு முழுமுழுச் சிப்பிகள் வந்தன. இது பழைய கடலடி, கட்டடம் தாங்காது என்று ரிப்போர்ட் எழுதினேன்.

மேனேஜர் மதுரைக்காரர். படித்துவிட்டுச் சிரித்தார். "இங்க ஏதுய்யா கடலு? லாரி மண்ணுல வந்த சிப்பி அது. கெட்டித் தரைன்னு மாத்தி எழுதி கையெழுத்தப் போடு. கலாஸ், வேலை முடிஞ்சுது!"

"பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னால, உலகத்தோட வடக்கே பனிப்பாறை உருகினப்ப கடல் இதுவரைக்கும் ஏறி வந்துச்சு சார். மேல இருக்கறது வெறும் உப்பு ஓடு."

"இந்த வெயில்ல பனிப்பாறையா? உனக்கு லீவு வேணும்யா."

வேலை போனாலும் போகட்டும், அந்தப் பொய்க்குக் கீழே என் கையெழுத்து விழாது என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குப் பாடம் கற்பிக்க, காரை எடுத்து அந்த உப்புப் பூத்த வெள்ளைத் தரையில் தானே ஓட்டிக் காட்டினார். ஐம்பதடி போவதற்குள் ஓடு உடைந்து நான்கு சக்கரங்களும் சேற்றில் இறங்கின.

ஜன்னலில் தலையை நீட்டி, "யல்லா, வந்து தள்ளுய்யா!" என்று கத்தினார்.

நான் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"கெட்டித் தரைதானே சார், இறங்கி நடந்து வாங்க."